மூன்று குழாய்களும் ஒரு பியூகிளும்

ஆகஸ்ட் பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும் வந்தால் எங்கள் அதியமான்கோட்டையில் யாரும் அலாரம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பொழுது விடியும்போதே ஹைவே ஓரத்து பேக்கரியில் தொடங்கிவிடும். பேக்கரிக்காரர் ஒரு பாட்டின் நடுவில் இருக்கும்போது எதிர்ப்பக்கத்து டயர் கடைக்காரர் அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டுக்கும் நடுவில் பெட்ரோல் பங்க் புகுந்துகொள்ளும். மொத்தமே நாலைந்து பாட்டுகள்தான். தாய்நாடு, எல்லை, ரத்தம், எதிரி, மறுபடியும் ரத்தம். மத்தியானம் பிரியாணி வாசனை வரும்வரை அவையே சுற்றிச் சுற்றி வரும். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

“ஏங்க, மிலிட்டரில இருந்த நீங்களே சாத்துனா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?” என்பாள் என் மனைவி ராஜம்மாள்.

“காது செவுடுன்னு நெனைக்கட்டும்.”

“நல்லா நெனைப்பாங்க. வூட்டுக்காரரு பியூகிள் ஊதியே செவுடாயிட்டாருன்னு எங்கிட்டதான் வந்து கேப்பாங்க.”

ஆமாம், நான் பட்டாளத்தில் பியூகிள் என்கிற பித்தளைக் கொம்பை ஊதியவன். மாதையன் என்றால் எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். ‘ஊதற மாதையன்’ என்று கேட்டால்தான் என் வீட்டைக் காட்டுவார்கள். இருபத்து நாலு வருஷம் மற்றவர்களை எழுப்பியும் தூங்க வைத்தும் சாப்பிடக் கூப்பிட்டும் சம்பாதித்த பென்ஷனில் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாலக்கோட்டில் பச்சியப்பன் என்று என் நண்பன் ஒருவன் இருக்கிறான். ராணுவத்தில் வண்டி ஓட்டியவன். அவன் எனக்கு நேர் எதிர். அவன் போன் அடித்தாலே தேசபக்திப் பாட்டுதான் வரும். போன சுதந்திர தினத்தன்று ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட்டார்கள். என் காதுக்குப் பக்கத்திலேயே ஆளுயர ஸ்பீக்கர். தலைமை ஆசிரியை எங்களைப் பற்றி ஏதோ நல்லதாகப் பேசினார். ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பச்சியப்பன் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான். கீழே இறங்கியதும், “யோவ் மாதையா, உனக்குக் கல்லு நெஞ்சுய்யா. அந்தப் பாட்டுக்கு எனக்கு இன்னும் மயிர் கூச்செறியுது. நம்மள நெனைச்சு ஊரே பாடுது, ஒனக்கென்ன வலிக்குது?” என்றான். அவன் கேட்பதிலும் தப்பில்லை.

எங்கள் மாவட்டத்து முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. சமீபத்தில் ஓய்வு பெற்ற ஒரு தம்பி அதில் கேட்டிருந்தான்: “அண்ணா, உங்களுக்குத் தேசபக்திப் பாட்டே புடிக்காதாமே, நெசமா?” பச்சியப்பன்தான் பற்ற வைத்திருப்பான். கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோரும் ஓடிய ஓட்டம்தான் நானும் ஓடினேன். ஆள் சேர்த்தவர்கள் என் மார்பளவைப் பார்த்தார்கள், பயிற்சி கொடுத்தவர்கள் என் மூச்சைப் பார்த்தார்கள். ஊரில் ஏரிக்கரையில் எருமை மேய்த்தபோது கத்திக் கத்தி வந்த மூச்சு அது. ஒருநாள் வரிசையில் நின்றிருந்த என்னை ஒரு குள்ளமான மனிதர் விரலால் வெளியே கூப்பிட்டுப் பித்தளை பியூகிளைக் கையில் கொடுத்தார். ஊதினேன். கன்று ஈனும் மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர்தான் ஜோசப் சார். கேரளத்துக்காரர். அப்போது எங்கள் பியூகிள் குழுவுக்குத் தலைவர், பிற்பாடு சுபேதார் ஆனார். ராணுவத்தில் கத்தாத மேலதிகாரியை நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். அணிவகுப்பு மைதானத்தில் கமாண்ட் கொடுத்தால் இடி விழுந்த மாதிரி இருக்கும். மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே காதைக் கொடுத்துக் கேட்டால்தான் புரியும். நாம் தப்பாக ஊதினால் திட்ட மாட்டார். தொப்பியைக் கழற்றுவார். வழுக்கைத் தலையைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைப்பார். தொப்பியை மறுபடியும் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். அந்தத் தொப்பி தலையை விட்டு எழும்போதே நம் தப்பு நமக்குத் தெரிந்துவிடும். நாலு அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பியூகிளில் துளை கிடையாது, பொத்தான் கிடையாது. உள்ளதெல்லாம் நம் உதடும் மூச்சும்தான். உதட்டை இறுக்கினால் மேல் சுரம், தளர்த்தினால் கீழ்ச் சுரம். ஐந்து சுரத்துக்குள் ஒரு பட்டாலியனின் நாள் முழுவதையும் ஊதிவிட வேண்டும். எழுவதற்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, சாயங்காலம் கொடி இறக்கும்போது ஒன்று, விளக்கணைக்க ஒன்று. இறந்தவனை அனுப்பி வைக்கவும் ஒன்று. ஊதுவதற்கு முன்னால் சுற்றிலும் சத்தம் அடங்க வேண்டும் என்பதுதான் ஜோசப் சாரின் முதல் சட்டம். சமையற்கூடத்தில் அண்டா உருண்டால்கூடக் காத்திருப்பார். “எடா, நீ ஊதுந்நது ஆளுக்குக் கேக்கணும். கேக்காததுக்கு எதுக்கு ஊதணும்?” என்பார். அவர் தமிழ் அப்படித்தான் பாதி வழியில் மலையாளத்தில் இறங்கிக்கொள்ளும்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவே பிடிக்காது என்று பச்சியப்பன் பரப்புவது பொய். பனிமலையில் ஒரு குளிர்காலம் முழுக்க நாங்கள் மாட்டிக்கொண்டோம். பியூகிள் மவுத்பீஸை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றாமல் வாயில் வைத்தால் உதட்டுத்தோல் அதோடு வந்துவிடும். கடுதாசி இல்லை, புதுக்காய் இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்துப்போன காலம். ஒருநாள் ரேடியோவில் கரகரவென்று ஒரு ஹிந்திப் பாட்டு வந்தது. இன்று எங்கள் டயர் கடைக்காரர் கிழிக்கிற அதே வகைதான். பாஷை புரியாத தமிழன், மலையாளி, தெலுங்கன் எல்லோரும் வாயை மூடிக் கேட்டோம். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சமையற்காரர் மாவுக் கையோடு வந்து நின்றார். பாட்டு முடியும்வரை நகரவில்லை. அது எப்போதாவது வந்தது. தேடி வந்தது. அதனால் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. சர்க்கரைப் பொங்கலை மூன்று வேளையும் வருஷம் பூராவும் போட்டால் யாருக்குத்தான் திகட்டாது?

திகட்டினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், பரவாயில்லை. ஆனால் சாத்துவதற்கு ஜன்னலே இல்லாத இடத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு நான் சொல்ல வந்த கதை அதுதான்.

என் சர்வீஸின் கடைசி வருஷங்கள். பெங்களூரில் ஒரு முகாமில் இருந்தேன். ஜோசப் சாரும் சுபேதாராக அங்கேயே இருந்தார். எங்கோ வடக்கே மலைப்பாதையில் வண்டி சரிந்து ஒரு ஜவான் இறந்துவிட்டான். பெயர் அருள். வத்தல்மலை அடிவாரத்து ஊர். விமானத்தில் வந்த உடலை அவன் ஊருக்குக் கொண்டுபோய் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்து வர எங்கள் முகாமிலிருந்து ஒரு குழுவை அனுப்பினார்கள். தலைமை ஜோசப் சார். துப்பாக்கி ஏந்திய ஜவான்கள், அவர்களோடு பியூகிள் ஊத நான். சொந்த மாவட்டத்துக்காரன் என்பதால் என்னைச் சேர்த்துவிட்டார்கள். குழுவில் ஒழுங்காகத் தமிழ் பேசத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான்.

ஊருக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே பாட்டு எங்களை வரவேற்றது. ஒரு குழாய் இல்லை. அடக்கம் செய்யும் இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மூன்று மைக் செட். வடக்கே ஒரு கட்சி, தெற்கே அதன் போட்டிக் கட்சி, புளியமரத்தடியில் இளைஞர் நற்பணி மன்றம். மூவரும் தேசபக்திப் பாட்டுதான், ஆனால் வேறு வேறு பாட்டு. ஒருவர் சத்தத்தைக் கூட்டினால் அடுத்தவரும் கூட்டுவார். எல்லாப் பாட்டிலும் குண்டடி பட்டுச் சாகிற வீரன். இங்கே பெட்டியில் படுத்திருப்பவனோ சகாக்களுக்கு ரேஷன் கொண்டுபோன வண்டியில் போனவன். அதுவும் வேலைதான், அதுவும் சாவுதான். அவனுக்கென்று அந்தக் குழாய்களில் ஒரு வரிகூட இல்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெட்டியை இறக்கி வீட்டு வாசலில் வைத்தோம். பெண்கள் மாரில் அடித்துக்கொள்வது தெரிகிறது, அழுகிற சத்தம் கேட்கவில்லை. சினிமாவில் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் வரிசையாக மாலை வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி. பையனின் அப்பா சடையன். மலைமேல் சாமையும் ராகியும் போட்டுக்கொண்டிருந்தவர், பையன் படிப்புக்காக அடிவாரத்துக்கு இறங்கியவர். என் தோளில் தொங்கிய பியூகிளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

“இதாங்களா சாமி அது? சாய்ங்காலம் கொடி எறக்கறப்ப ஊதுவாங்களாமே?”

“ஆமாங்கய்யா.”

“எம் பையன் போன்ல கேக்க வெப்பானுங்க. அந்த நேரம் பாத்துத்தான் கூப்புடுவான். ‘அப்பா, பேசாத, இத்த கேளு’ன்னு போனைத் தூக்கிப் புடிச்சிக்குவான். நானும் காட்டுல மம்முட்டிய வெச்சிட்டுக் கேப்பேன். இன்னிக்கு ஊதுவீங்களா சாமி?”

“ஊதுவேன்யா. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அவர் மூன்று பக்கமும் பார்த்தார். “எனக்குக் காதுல வுழுவணுமே. காத்தால இருந்து ஒண்ணும் கேக்கலிங்க சாமி. பெட்டி மேல கைய வெச்சி அவன் பேரச் சொல்லிக் கூப்டேன். நான் கூப்டது எனக்கே கேக்கல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நேராக வடக்குப் பக்கம் போனேன். அங்கே ஒன்றியச் செயலாளர் வெள்ளைச் சட்டையில் நின்றார். மரியாதையாகத்தான் கேட்டேன்.

“நாங்க நிறுத்திக்கிறோம் சார், அதுல என்ன? ஆனா அந்தப் பக்கம் அவங்கள மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. நாங்க நிறுத்தி, அவங்க பாட்டு மட்டும் கேட்டா, ஊரு என்னா நெனைக்கும்? எங்க கட்சிக்கு நாட்டுப்பற்று இல்லன்னு ஆயிடும்ங்க.”

தெற்கே போனேன். அங்கேயும் ஓர் ஒன்றியச் செயலாளர், அதே வெள்ளை, அதே பதில். “அவங்க நிறுத்துனா அடுத்த நிமிசம் நாங்க நிறுத்துறோம்ங்க.” புளியமரத்தடிக்குப் போனேன். மன்றத் தலைவர் இளவட்டம். “தேசபக்திப் பாட்டையா நிறுத்தச் சொல்றீங்க? மிலிட்டரி டிரெஸ் போட்டுக்கிட்டு நீங்களே சொல்றீங்களா சார்?” என்றார். பக்கத்தில் ஒருவர் என்னை வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிவிட்டார். பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரியிடம் போனால், அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “நான் போயி ஆஃப் பண்ணுன்னு சொன்னா, நாளைக்கு அதான் சார் நியூசு.”

யாரும் கெட்டவர்கள் இல்லை. மூவருக்கும் அந்தப் பையன்மேல் உண்மையான துக்கம் இருந்தது. நிறுத்தலாம் என்ற எண்ணமும் இருந்தது. முதலில் நிறுத்துகிறவனாக இருக்க மட்டும் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

ஜோசப் சாரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, சூரியன் மறைவதற்குள் மரியாதையை முடித்தாக வேண்டும். இந்தச் சத்தத்தில் அவர் கொடுக்கும் கமாண்ட் ஜவான்களுக்குக் கேட்காது. கேட்காவிட்டால் துப்பாக்கிகள் ஒன்றாக வெடிக்காது, பொரி பொரிகிற மாதிரி சிதறும். ஒரு ஜவானுக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அவர் மூன்று குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வடக்கு மைக்கில் ஒருவர் பாட்டுக்கு நடுவில் அறிவித்தார், மறைந்த வீரருக்குத் தங்கள் கட்சி சார்பில் அடுத்த வாரம் மௌன அஞ்சலிக் கூட்டம் என்று. உடனே தெற்கு மைக்கில் அதற்குப் போட்டியாகத் தங்கள் மௌன அஞ்சலியை அறிவித்தார்கள். மௌன அஞ்சலியைக்கூட இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்களே என்று நொந்துகொண்டேன். நொந்துகொண்டவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

எங்கள் முறைப்படி முதலில் துப்பாக்கி வெடிக்கும். பிறகு இறுதி பியூகிள். அதற்குப் பிறகுதான் மௌனம், மௌனம் முடிந்து இன்னொரு பியூகிள். இந்த வரிசையை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை.

“சார், மௌனத்தைத் தூக்கி முன்னாடி வெச்சுக்கிட்டா என்ன சார்?” என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். சரி, தப்பாகத்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். தலையைத் துடைத்தார். தொப்பியை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இவிட பயங்கர சத்தம், மாதையா. நீ பறஞ்சது ஒண்ணும் எனக்குக் கேட்டில்லா. போ, வேகம் போ.”

போனேன். இந்தத் தடவை நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போகவில்லை. வடக்கே போய் அந்தச் செயலாளருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

“அய்யா, மௌன அஞ்சலியை நீங்கதான் அறிவிக்கணும்னு ராணுவத்தின் சார்பா கேட்டுக்கிறேன். நான் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு கைய உசத்துவேன். அந்த நொடியே மைக்ல சொல்லிடணும். அப்புறம் நான் முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது.”

“எங்கிட்டதான் கேக்குறீங்களா?” என்றார் அவர். முகமெல்லாம் பெருமை.

“உங்ககிட்டதான் கேக்குறேன்.”

அது பொய் இல்லை. அந்த நேரத்தில் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தெற்கே போய் அடுத்தவரிடமும் அதே சல்யூட்டோடு அதையே கேட்டேன். பிறகு புளியமரத்தடி. மன்றத் தலைவர் எனக்குத் திருப்பி சல்யூட் வைத்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வீடியோக்காரரைத் தன் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் வந்தோம். ஜவான்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். மேலே மூன்று பாட்டும் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை உயர்த்தினேன்.

மூன்று மைக்கிலும் ஒரே நொடியில் ஒரே வாசகம்: “வீரமரணம் அடைந்த அருள் அவர்களுக்கு மௌன அஞ்சலி!” மூவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏமாந்துவிட்டோம் என்று மூவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் இனி என்ன செய்ய முடியும்? மௌன அஞ்சலியை அறிவித்த வாயால் அதைக் கலைக்கவா முடியும்? பாட்டுகள் அறுந்து நின்றன. அப்புறம் ஒரு நிசப்தம் விழுந்தது பாருங்கள், மலையடிவாரத்தில் எங்கோ மாட்டுக் கழுத்து மணி ஆடுவது கேட்டது. காலையிலிருந்து அது ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

ஜோசப் சார் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு அவர் கொடுத்த கமாண்ட் மலையில் மோதித் திரும்பியது. துப்பாக்கிகள் வானத்தை நோக்கி எழுந்து, ஒரே துப்பாக்கி மாதிரி வெடித்தன. மறுபடியும் ஒரே வெடி. மறுபடியும். பிறகு ஜவான்கள் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலை குனிந்தார்கள். என் முறை வந்தது.

இருபத்து நாலு வருஷத்தில் நான் அப்படி ஊதியதே இல்லை. தற்பெருமைதான், இருக்கட்டும். முதல் சுரம் உதட்டை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது, இது நிற்கும் என்று. கடைசிச் சுரத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, மூச்சு முடியும் இடத்தில் அது தானாக அடங்குமாறு விட்டேன். முறைப்படி உள்ள மௌனம் கழிந்து அடுத்த பியூகிளும் ஊதி முடித்தேன். ஜோசப் சார் பெட்டிமேல் போர்த்தியிருந்த கொடியை மடித்துச் சடையன் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இப்போது கத்தவில்லை, சாதாரணமாகப் பேசினார். அத்தனை பேருக்கும் கேட்டது.

“நல்லா இருந்துச்சுங்க சாமி. ஆனா இது வேறங்க. அவன் கேக்க வெச்சது இது இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், கொடி இறக்கும்போது ஊதுவது வேறு, இறந்தவனுக்கு ஊதுவது வேறு. அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை சாயங்காலம் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார், எப்படித் தெரியாமல் போகும்?

ஜோசப் சாரைப் பார்த்தேன். அடக்கத்தில் அதை ஊத எந்த முறையிலும் இடமில்லை. பெரியவர் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது. மேற்கே சூரியனைப் பார்த்தார், பாதி இறங்கியிருந்தது. பெங்களூர் முகாமில் அந்த நேரம் கொடி இறக்கத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். “சமயமாயி. ஊது” என்றார் மெதுவாக.

ஊதினேன். கொடி மெல்ல மெல்ல இறங்குவதற்காகவே அமைந்த அழைப்பு அது. அவசரமே இல்லாதது. சடையன் கண்ணை மூடிக்கொண்டு, போனை வைத்துக் கேட்கிற மாதிரியே தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“இதாங்க,” என்றார். “இதேதாங்க.”

பிறகு குழிப் பக்கம் திரும்பி, காட்டில் அந்தக் கோடியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, “அருளூ!” என்று ஒருதரம் கூப்பிட்டார். அந்தப் பேர் மலை வரைக்கும் போனது. அவர் கூப்பிட்டது அவருக்குக் கேட்டது, எங்களுக்குக் கேட்டது, ஊருக்குக் கேட்டது. அப்போதுதான் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அந்த அழுகைச் சத்தம் காதில் விழுந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. வெற்றி என்றால் அதுதான், வேறு எந்த வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை. வெற்றி பெற்ற ஆள் அழக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, நானும் அழுதேன்.

மண் தள்ளி முடித்து நாங்கள் வண்டிக்குப் போகும்போது வடக்குச் செயலாளர் பின்னாலேயே வந்து கிசுகிசுத்தார். “சார், முடிஞ்சுதுங்களா? நீங்க சொல்லவே இல்லியே.” அதுவரை மனிதர் அசையாமல் நின்றிருக்கிறார். எதிர்ப்பக்கத்துச் செயலாளரும் மன்றத் தலைவரும் அதைக் கேட்கத்தான் வந்து நின்றார்கள்.

“முடிஞ்சுதுங்கய்யா. இனிப் பாட்டுப் போடலாம்.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க போடுங்க” என்றார் வடக்கே உள்ளவர்.

“இல்லைங்க, மொதல்ல நீங்க போடுங்க. நீங்க பெரியவரு.”

“தம்பி, நீ போடேன்.”

“எனக்கு வேணாம்ணே” என்றார் மன்றத் தலைவர். அவர் காலர் இப்போது நலுங்கிப் போயிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யார் முதலில் நிறுத்துவது என்று நின்றவர்கள், இப்போது யார் முதலில் போடுவது என்று நின்றார்கள். மைக் செட்காரர்கள் ஒருவர் முகத்தையும் பாராமல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

வண்டி ஊரை விட்டுக் கிளம்பித் தருமபுரி ரோட்டில் ஏறியது. பின்பக்கம் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. நான் பியூகிளைத் துணியால் துடைத்து முடித்துவிட்டு மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியிருப்போம். முன்னால் உட்கார்ந்திருந்த ஜோசப் சார் தொண்டைக்குள் ஏதோ முணுமுணுக்கிற சத்தம் வந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், பாட்டு. தெற்குக் குழாயில் காலையிலிருந்து கிழிபட்ட அதே ஹிந்தி தேசபக்திப் பாட்டு. சுருதியும் இல்லை, வார்த்தையும் பாதி இல்லை. பக்கத்தில் இருந்த ஜவான் ஒருவன் விட்டுப்போன வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். அடுத்த வரிக்கு எல்லோரும் பாடினார்கள். எனக்கும் வாய் திறந்துகொண்டது. மூன்று குழாய்களின் வாயை அடைத்துவிட்டு வந்த நாங்கள், ஓசூர் வரைக்கும் அந்தப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனோம்.